வாலாட்டும் காட்சி

கதவைத் திறந்துகொண்டு மறுபடியும் உள்ளே வந்தான் பென்சில். "வந்துட்டேன்டா!" என்று இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான்.

துரை கண்ணைத் திறக்கவில்லை. கூடத்து மிதியடியில் நான்கு கால்களையும் நீட்டிப் படுத்திருந்தது அந்த நாய். ஒரு காது மட்டும் ஈ விரட்டுவதுபோல லேசாக அசைந்து அடங்கியது.

"இன்னும் எத்தனை தடவை ஆபீஸ்லேருந்து வரப்போறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "நான் வெங்காயம் நறுக்கி முடிக்கறதுக்குள்ள ஒரு மாசச் சம்பளம் வாங்கற அளவுக்கு வந்துட்டீங்க."

"உனக்கு விளையாட்டா இருக்கு. நாளைக்கு மேடம் வர்றாங்க."

"வரச்சொன்னது யாரு? நானா?"

அவன் மறுபடியும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பென்சில் என்பது அவனுக்கு அலுவலகத்தில் விழுந்த பெயர். அனிமேஷன் கம்பெனியில் மற்றவர்கள் எல்லோரும் நேராகக் கம்ப்யூட்டரில் வரைவார்கள். இவன் மட்டும் முதலில் காகிதத்தில் கிறுக்கிப் பார்ப்பான். அங்கே இப்போது ஒரு குறும்படம் தயாராகிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும் ஒருவர், வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் ஒரு நாய், அவ்வளவுதான் கதை. கடைசிக் காட்சியில் கதவு திறக்கும், நாய் பாய்ந்து வந்து எஜமானைக் கட்டிக்கொள்ளும். அந்தக் காட்சி பென்சில் பொறுப்பு. அது நன்றாக வந்தால் அடுத்த படத்துக்கு அவன்தான் தலைமை ஓவியன்.

அவன் வரைந்ததைப் பார்த்த டைரக்டர் மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னங்க இது? லீவு கேக்க வந்த ஆளு மாதிரி தயங்கித் தயங்கி வருது. நீங்க நாயே பார்த்ததில்லையா?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க! எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கு. நான் படியேறும்போதே வாசல்ல வந்து நிக்கும். கதவைத் திறந்தா ஒரே பாய்ச்சல்! முகமெல்லாம் நக்கி, சட்டையெல்லாம் கசக்கி... அது பண்ற அமர்க்களத்துல ஷூவைக்கூடக் கழட்ட முடியாது."

"அப்படியா? அப்ப நாளைக்குச் சாயங்காலம் உங்ககூடவே வர்றேன். வீடியோ எடுத்துக்கலாம். அதைப் பார்த்து வரைஞ்சிடுங்க."

தவளை தன் வாயால் கெட்டது.

மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் பொத்தித் தூக்கி வந்தவன் பென்சில்தான். காலையில் மனைவி முதலில் கிளம்பிவிடுவாள், கடைசியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதும் அவன்தான். ஆனால் அவன் வேலை முடிந்து வரும்போது துரை தூக்கத்தில் இருக்கும். கூப்பிட்டாலும் எழாது. சற்று நேரம் கழித்து, பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மனைவி வருவாள். படியில் அவள் சாவி கலகலத்தால் போதும், கூடமே கிடுகிடுக்கும். அவள் பையைக் கவ்வி, செருப்பைக் கவ்வி, வட்டமடித்து ஆடும்.

"பிஸ்கட் வெச்சுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

சட்டைப் பை நிறைய பிஸ்கட்டோடு வெளியே போய் உள்ளே வந்தான். துரை மூக்கை மட்டும் தூக்கியது. அவன் ஆசையாகக் குனிந்தான். பிஸ்கட்டோடு சட்டைப் பையும் அதன் வாய்க்குள் போனது. மென்று முடித்துவிட்டு, உண்ட களைப்பில் திரும்பிப் படுத்து இந்த முறை உண்மையாகவே குறட்டை விட்டது.

அடுத்த யோசனை பென்சிலுடையது. மனைவி கண்ணில் படாமல் அவளுடைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான். தோள்பட்டை வரைக்கும்தான் ஏறியது. மூச்சை உள்ளே இழுத்து மிச்சத்தையும் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசனை பட்டதுமே துரை துள்ளி எழுந்தது. வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்து பாதி வழியில் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தது. கால்கள் வழுக்க நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டது.

"என் ஸ்வெட்டர்!" என்ற அலறல் கேட்டுத் திரும்பியவன் மூச்சை வெளியே விட்டுவிட்டான். தையல் படபடவென்று விட்டது.

அன்று சாப்பாட்டை அவனே பரிமாறிக்கொண்டான். ஆனாலும் படுக்கப் போகும்போது மனைவிக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க பாருங்க. நாளைக்கு நான் சீக்கிரம் வந்து மாடிப்படியில ஒளிஞ்சுக்கறேன். நீங்க கதவைத் திறந்து கையை விரிச்சதும் பின்னாலேருந்து சாவியை ஆட்டறேன். அது என்னைப் பார்த்துத்தான் ஓடி வரும். மேடத்துக்கு என்ன தெரியப்போகுது?"

பென்சில் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் சாயங்காலம் மேடம் செல்போனும் கையுமாக வந்தார். படியில் மனைவி தூணோடு தூணாக நின்றாள். பென்சில் கதவைத் திறந்தான். துரை வழக்கம்போல மிதியடியில் தூக்கம்.

"இருங்க" என்றார் மேடம் கிசுகிசுப்பாக. "நான் உள்ள போயிடறேன். நாயோட கண்ணு வழியா எடுத்தாத்தான் நல்லாருக்கும். நீங்க வெளியே போய் மறுபடி வாங்க."

அவன் படிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனான். மேடம் ஓசையில்லாமல் நாய்க்கும் வாசலுக்கும் நடுவே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆரம்பிங்க!"

"வந்துட்டேன்டா!" என்று கையை விரித்தான் பென்சில்.

படியில் சாவி கலகலத்தது.

துரை கிளம்பிய வேகத்தில் மிதியடி பின்னால் பறந்தது. நடுவில் ஒரு டைரக்டர் இருப்பதை அது பொருட்படுத்தவில்லை. அவர் தோளில் ஒரு கால், தலையில் ஒரு கால் வைத்துத் தாண்டி, பென்சிலின் கைக்கு அடியில் புகுந்து வெளியே போய்விட்டது. "ஐயோ!" என்று அலறிய மேடம் எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார்.

மனைவி துரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "பயப்படாதீங்க மேடம். நீங்க நாயைப் பத்தித்தானே படம் எடுக்கறீங்க?"

"படத்துல இருக்கறது மேல பாயாதும்மா!" மேடத்துக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அவள் முகத்தை நாய் நக்குவதைப் பார்த்துக் கண்களைச் சுருக்கினார். "ஆமா, இது யாரோட நாய்?"

"அவரோடதுதான் மேடம். ஆனா, நாய்க்கு அது இன்னும் தெரியாது."

மேடம் பென்சிலைப் பார்த்தார். அவன் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தான்.

"நான் சொன்னது எல்லாம் பொய்தான் மேடம்" என்றான். "தினமும் கதவைத் திறக்கும்போது, இன்னிக்காவது எழுந்து வராதான்னு பார்க்கறேன். ஒருநாளும் வந்ததில்ல. உங்ககிட்ட சொன்னப்போ, நடந்ததைச் சொல்ற மாதிரியே இருந்துச்சு. அதான் வாய் நிக்கல."



மேடத்தின் குரல் தணிந்தது. "எனக்குப் புரியுது. ஆனா அந்தக் காட்சியை வேற யாருக்காவது கொடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மாதிரி ஒரு அன்பு தனக்குக் கிடைச்ச ஆளாலதான் அதை வரைய முடியும்."

பென்சில் தலையாட்டினான். மனைவி கீழே இறக்கிவிட்டதும் துரை நேராக மிதியடிக்குப் போய்ச் சுருண்டுகொண்டது.

அப்போது படிகளில் தடதடவென்று சத்தம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கடை வைத்திருக்கும் சலூன்காரர் கையில் சீப்போடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னாச்சு சார்? முடி வெட்டிக்கிட்டே நிமிர்ந்தா, உங்க ஜன்னல்ல ஒரு அம்மா மேஜை மேல நிக்கறாங்க! பாம்பு கீம்பு வந்துடுச்சா?"

"அதெல்லாம் இல்லண்ணே" என்றான் பென்சில். "நான் வந்தா நாய் ஓடி வரும்னு மேடத்துகிட்ட பெருமையாச் சொல்லிட்டேன். அது என்னடான்னா, நான் வர்ற நேரமெல்லாம் நல்லாத் தூங்குது."

சலூன்காரர் மிதியடியைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"தூக்கமா? போங்க சார்! பகல் பூரா அந்த ஜன்னல் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கும், நீங்க தெருமுனையில தலையைக் காட்டினதும் குதியா குதிக்கும், கீழ்ப்படியில உங்க ஷூ சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கும். தினம் பூட்டிட்டுப் போற மனுஷன் மேல கோவம் இருக்காதா பின்னே!"