நல்லி சூடு

நகரியில் எங்கள் தெருவிலேயே முதல் பவர்லூம் போட்டவன் நான். பாறையைக் குடைந்து கிணறு வெட்டினேன். வீண் வேலை என்றவன் எல்லாம் இன்றைக்கு அதில்தான் தண்ணி மொள்கிறான். மாடி வீடும் என் சம்பாத்தியம்தான். படிப்பு மூணாங்கிளாஸ் (அதிலும் பாதி நாள் வாத்தியார் வரலை). இப்பேர்ப்பட்ட என்னையும் ஒரு மூட்டைப்பூச்சி கவிழ்க்கப் பார்த்தது.

நகரி ஆந்திராவில் நிற்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று ஊரே அடித்துக்கொண்ட சமயம். திருப்பதியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் ஜனம்தான், ஆனால் வீட்டில் தெலுங்கு. "ஊர் எந்தப் பக்கம் போனாலும் பொழைக்கணும். பையனுக்குத் தெலுங்கு வருமா?" என்று பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார். என் தாய்மாமா கூசாமல், "தண்ணிபட்ட பாடு" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்ததோ சந்தையில் பேரம் பேசுகிற நாலு வார்த்தை.

அடுத்த சனிக்கிழமை பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருகிறார் என்று சேதி. எங்கள் கட்டிலிலோ மூட்டைப்பூச்சி கூட்டுக்குடும்பம் நடத்திக்கினு இருந்தது. வெயிலில் போட்டுத் தட்டினேன். மூட்டு மூட்டாக வெந்நீர் ஊற்றினேன். சந்தெல்லாம் மண்ணெண்ணெய் விட்டேன். (ஆறாம் நாள் பூச்சியும் இல்லை, அந்த நாற்றத்தில் வீட்டுக்குள் நாங்களும் இல்லை.) அந்தக் கட்டிலில் எப்படிப் பெரிய மனுஷரை உட்காரவைப்பது? எதிர்வீட்டுப் பிரம்பு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டேன்.

நெற்றி நிறைய நாமத்தோடு வந்தார், உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார். அப்புறம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல், "நல்லி சூடு, பாபூ" என்றார்.

பெரிய இடம், வாய்விட்டுக் கேட்டுவிட்டார், விடலாமா? ஸ்டேஷன் பக்கத்து மிலிட்டரி ஓட்டலுக்கு ஓடினேன். தூக்கில் ஆட்டு நல்லி எலும்பு வாங்கி, ஆவி அடங்குமுன் அவர் முன்னால் திறந்து வைத்தேன். "சூடா கீது, துன்னுங்க."

மாமா முகம் செத்துப்போனது. "இன்னாடா இது? சனிக்கிழமைடா. நாமத்தைப் பார்க்கலியா?"

"அவருதான் மாமா நல்லி சூடா கேட்டாரு."

"அட பாவி, தெலுங்குல நல்லின்னா மூட்டைப்பூச்சி. சூடுன்னா பாருன்னு அர்த்தம். பூச்சியைப் பாருன்னு உன்னாண்ட மரியாதையாச் சொல்லிக்கினு கீறாரு."

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணிபட்ட பாடுன்னீங்களே?"

மாமா தூக்கை மூடினார். என் கல்யாணத்தையே மூடினாற்போல இருந்தது எனக்கு.

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்து, தொடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தெலுங்கு என் பொண்ணு சொல்லிக் குடுப்பா. கேட்ட உடனே ஓடறானே, அது போதும்."

இன்றும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் குழம்பு வைத்தால், "நல்லி சூடு" என்றுதான் என் மனைவி பரிமாறுவாள். பேரப்பிள்ளைகள் சாப்பாட்டை விட்டு எழுந்து அவரவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கும்.

சிரிக்கட்டும். ஆனால் கதையைப் பாதியோடு நிறுத்தக் கூடாது. என் வீட்டுப் பூச்சியை நான் ஒழித்துவிட்டேன். கடித்தது எதிர்வீட்டுப் பூச்சி. இனிமேல் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லணும்.