அர்சேனின் தனி வருஷத்து ஒயின்

"இந்தத் தடவை ஒரு சொட்டு கலக்க விடமாட்டேன்!" என்று அர்சேன் காப்பிக் கிண்ணத்தை மேசைமேல் ஓங்கி வைத்தார். காப்பி தெறித்து அவர் சட்டையிலேயே விழுந்தது.

அவர் மனைவி ஒதீல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "துணி அங்க இருக்கு, துடைச்சுக்குங்க."

கோபம் வராமல் என்ன செய்யும்? பிரான்சின் அந்த ஷாம்பெய்ன் வட்டாரத்துக் கிராமத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறார் மனுஷர். பனியில் விறைத்துக்கொண்டு கொடி நறுக்குவது அவர். முதுகு ஒடியத் திராட்சை அறுப்பது அவர். தொட்டி கழுவுவதும் அவரேதான். ஆனால் புட்டிமேல் மாமனார் பேர். சரி, செத்துப்போன மனுஷர், போகட்டும். புட்டிக்குள்ளேயாவது அர்சேன் உண்டா? அதுவும் கிடையாது! பிப்ரவரி பிறந்தால் ஒதீல் நிலவறைக்குள் இறங்குவாள். புது ஒயினோடு, பழைய பீப்பாய்களில் கிடக்கும் ஐந்தாறு வருஷத்து ஒயினையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பாள். எந்த வருஷம் குடித்தாலும் அதே ருசி. ஒதீலின் கைப்பக்குவம் என்று ஊரே மெச்சும். அர்சேன் பாடுபட்ட வருஷம் அதில் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

"போன அறுப்பைத் தனியா அடைக்கணும். புட்டிமேல வருஷத்தைப் போடணும். கீழ என் பேரைப் போடணும்!"

"போன அறுப்பா? ஜூலை பூரா மழை. வாயில வச்சா பல்லு கூசுது."

"கூசட்டுமே! அதுதான் அந்த வருஷத்தோட குணம். ஒரு வருஷம்னா ஒரு வருஷம்! ஆறு வருஷத்தை ஒண்ணாக் கொட்டிக் கலக்கினா அது ஒயினா? மிஞ்சினதையெல்லாம் போட்டுக் காய்ச்சுற சூப்!"

"அந்த சூப்பைத்தான் ஞாயித்துக்கிழமை ரெண்டு புட்டி காலி பண்ணீங்க."

"அது… தாகம்!"

ஒதீல் கத்தியைக் கீழே வைத்தாள். "சரி. உங்களுக்கு ஒரு பீப்பாய். சனிக்கிழமை பக்கத்து வீட்டு ஃபிர்மேனைக் கூப்பிடுவோம். அவரு குடிச்சுப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னா, அந்தப் பீப்பாய் மொத்தமும் உங்க பேர்ல, உங்க வருஷத்துல. இல்லேன்னா என் கலவைக்கு. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

"எடுத்தா என்னை ஏன்னு கேளு!"

அன்று மத்தியானமே அர்சேன் தன் பீப்பாயிலிருந்து ஒரு வாய் எடுத்துக் குடித்தார். வலது கண் தானாக மூடிக்கொண்டது. அப்பப்பா, என்ன புளிப்பு! ஃபிர்மேன் இதைக் குடித்தால் நல்லாருக்கு என்றா சொல்வார்? வேலி தாண்டி ஓடிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே சந்தர்ப்பம்!

செவ்வாய்க்கிழமை ஒதீல் எபெர்னே சந்தைக்குப் போனாள். அர்சேன் நிலவறையின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு பழைய பீப்பாய், ஒதீலின் செல்லப்பிள்ளை. வெயில் கொளுத்தின ஒரு வருஷத்து ஒயின். ஒரு வாய் குடித்தார். தேன்! 'இதுவும் என் வியர்வைதானே, யாரைக் கேட்கணும்?' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார்.

தன் பீப்பாயிலிருந்து நாலு வாளி புளிப்பை எடுத்துத் தனியே வைத்தார். பழையதிலிருந்து நாலு வாளியைச் சுமந்துவந்து தன்னுடையதில் ஊற்றினார். எடுத்துவைத்த புளிப்பைப் பழையதில் ஊற்றி மட்டத்தைச் சரிக்கட்டினார். ரெண்டு பீப்பாயிலும் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை! இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

சனிக்கிழமை ஃபிர்மேன் நிலவறைக்கு வந்தார். ஊர்த் திராட்சைக்காரர்களில் நாக்கும் கறார், பேச்சும் கறார். அர்சேனின் ஒயினை ஒரு வாய் குடித்தார், புருவத்தைத் தூக்கினார், இன்னொரு வாய் குடித்தார்.

"அடேயப்பா! இதுவா போன வருஷம்? அத்தனை மழையில இப்படி ஒண்ணா? அர்சேன், சபாஷ்டா!"

அர்சேனின் மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் இழுத்துக்கொண்டது. ஒதீல் தன் கோப்பையை முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, வாளியில் துப்பினாள்.

"ஏங்க, உங்க அம்மா சௌக்கியமா?"

"அம்மாவா? அவங்களுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, குடிச்சதும் அவங்க ஞாபகம் வந்துச்சு. நம்ம வீட்டுல வந்து மூணு மாசம் தங்கினாங்களே, அந்த வெயில் வருஷம்."

அர்சேனின் காது ரெண்டும் சிவந்தன. ஃபிர்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒதீல் ஒரு வெற்று லேபிளையும் பேனாவையும் கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள்.

"எழுதுங்க. வருஷம், கீழ உங்க பேரு. ஃபிர்மேன் சாட்சி."

"எழுதுடா," என்றார் ஃபிர்மேன். "வேற வருஷம் ஒரு கரண்டி சேர்ந்திருந்தாலும் வருஷம் போடக் கூடாது, உனக்கே தெரியும். என் சித்தப்பா மகன் அப்படித்தான் போட்டான். ஒம்பது வருஷமா அவன் மூஞ்சில முழிக்கிறதில்ல. ஊரே முழிக்கிறதில்ல."

பேனா முனை லேபிளுக்கு மேலேயே நின்றது. ஒதீல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"யோசிச்சுப் பார்த்தா…" என்றார் அர்சேன்.

"என்ன யோசனை?"

"வருஷம் என்னய்யா வருஷம்! ஒரு வருஷத்தைத் தனியா நிறுத்தினா அதுக்குத் தலைக்கனம் வந்துடும். நாலு வருஷம் சேர்ந்து இருந்தாத்தான் அது ஒயின். இதையும் ஒதீல் கலவையிலயே சேர்த்துடலாம்."

"டேய்! இருபது வருஷமா தனி வருஷம் தனி வருஷம்னு என் காதைத் தின்னவன் நீதானே?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?" என்று சீறினார் அர்சேன். கண்ணில் நீர் முட்டியது.

ஃபிர்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஒதீல், இவனை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு."

அவர் தலை மறைந்ததும் அர்சேன் வெடித்தார். "அநியாயம்! அக்கிரமம்! அடுத்த வீட்டுக்காரன் எதிர்ல மானத்தை வாங்கிட்டியே!"

"நான் என்னங்க சொன்னேன்? மாமியாரை விசாரிச்சேன். அது ஒரு குத்தமா?"

அவள் பேசிக்கொண்டே மறுகோடிக்குப் போய், பழைய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தாள். அர்சேன் பின்னாலேயே ஓடினார். அவள் செல்லப்பிள்ளையில் நாலு வாளி புளிப்பு!

"திட்டு," என்றார். "கெடுத்துட்டேன். நல்லாத் திட்டு."

"எதுக்குத் திட்டணும்?" ஒதீல் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "ரெண்டு மாசமா இது ருசி இருந்தும் உசிரு இல்லாமக் கிடந்துச்சு. போன அறுப்போட புளிப்பு கொஞ்சம் சேர்ந்தா எழுந்து உக்காரும்னு நெனச்சுட்டே இருந்தேன். நிலவறையோட இந்தக் கோடிக்கு யாரு வாளி சுமக்கிறதுன்னுதான் விட்டுட்டேன்."

இன்னொரு வாய் குடித்துக் கணக்காகத் தலையாட்டினாள்.

"புளிப்பு இன்னும் ரெண்டு வாளி குறையுது. தூக்கிட்டு வாங்க."