மாமனார் வண்டியின் மூக்கு

ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கார் ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, நின்றுவிட்டது. வெளியே சரியான மழை. முன்சக்கரங்கள் தண்ணீரைத் தொட்டு நின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாப்பிள்ளை சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தார்.

பக்கத்தில் மாமனார். ஆபரேஷன் ஆன ஒரு கண்ணில் கட்டு. அந்தக் கட்டைப் பிரிக்கத்தான் இப்போது ஆஸ்பத்திரிக்குப் பயணம். இன்னொரு கண் மாப்பிள்ளையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கண் போதும். ஓய்வு பெறும் வரைக்கும் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் நடத்திய அதிகாரி அவர். கல்யாணத்துக்கு முன்னால் இதே மாப்பிள்ளையை, ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தை இடித்ததற்காக ஃபெயில் ஆக்கியவர். பிறகு போனால் போகிறதென்று பெண்ணைக் கொடுத்தார். கார் சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

இன்றைக்குத்தான் அதுவும் கைக்கு வந்தது. இனிமேல் தானே ஓட்டுவதாக இல்லை என்று நேற்றே அறிவித்துவிட்டார். ஒழுங்காக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் கார் சின்ன மாப்பிள்ளைக்கு. ஒரு கீறல் விழுந்தாலும் பெரிய மாப்பிள்ளைக்கு. அந்தச் சகலை ஏற்கெனவே சொந்தமாக ஒரு பெரிய கார் வைத்திருப்பவர். கூப்பிட்டவுடன் வந்து நிற்பவர். அவர் பெயரை எடுத்தாலே நம் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்காது.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் மாமனார்.

"மாட்டேன் மாமா."

மாமனார் சாவியின் பக்கம் கையை நீட்டினார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் துணியாத காரியம் அது. பின்சீட்டில் அத்தை, அதாவது மாமியார், தும்மினார்.

மாப்பிள்ளை இப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு. அவருக்கு நூலகத்தில் வேலை. பகலெல்லாம் வாய் திறக்கக் கூடாத இடம். அங்கே படித்துச் சேர்த்ததை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில்தான் கொட்டியாக வேண்டும். நேற்றைய மழையைப் பார்த்ததும் அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, காருக்குள் தண்ணீர் போகும் வழி. காற்றை இழுக்க இன்ஜினுக்கு முன்பக்கம் ஒரு மூக்கு இருக்கிறது, அது வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டால் கதை கந்தல் என்று ஆரம்பித்தார். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது, நசுக்கப் போனால் உள்ளே இருக்கிற இரும்புத் தண்டே வளைந்துவிடும் என்று ஒரு ஸ்பூனை வளைத்தே காட்டினார். மனைவி ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மாமனார் சாப்பிட்டு முடித்து எழுந்தே போய்விட்டார்.

அத்தை மட்டும் கேட்டார். கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரை கேட்டார். பிறகு டார்ச்சோடு கூடவே வந்து, பானெட்டை எந்தக் கம்பியை இழுத்துத் திறப்பது, அந்த மூக்கு எங்கே இருக்கிறது, தண்ணீருக்கு வேறு வழி உண்டா என்றெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். இப்படி ஒரு மாணவி கிடைத்த பூரிப்பில் மாப்பிள்ளைக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆனால் விடிந்ததிலிருந்தே எதுவும் சரியாக இல்லை. அத்தை முதல் ஆளாக எழுந்து, குடையையும் பையையும் வண்டியில் வைத்துவிட்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிப் போனார். வந்தவர் குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டோடு கிளம்பினார். தலை நனைந்தால் அவருக்கு ஆகாது. ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒரே தும்மல். வண்டியும் வீட்டு வாசலிலிருந்தே இழுக்கவில்லை. மாமனார் வழி நெடுக, "கிளட்ச்சுல கால், கிளட்ச்சுல கால்" என்று ஜெபித்துக்கொண்டே வந்தார்.

"மூக்குல தண்ணி ஏறிடுச்சு மாமா. இப்ப ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் போச்சு."

"டயர்கூட முழுசா நனையலை. இதுல எங்கேருந்து மூக்குல ஏறும்? பானெட்டைத் திறந்து பாருங்க."

திறந்தால் மழை நேராக உள்ளே இறங்கும் என்று மாப்பிள்ளை அதற்கும் மறுத்துவிட்டார். ஒரே வழி, வண்டியைப் பின்னால் தள்ளி மேட்டில் ஏற்றிவிடுவது. இறங்கி முன்பக்கம் போய், தோள் கொடுத்து நின்று, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடும்படி மாமனாருக்குச் சைகை காட்டினார்.

மாமனார் எடுத்துவிட்டார். வண்டி மேட்டுப் பக்கம் போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே. பள்ளத்தைப் பார்த்து அது பாட்டுக்கு இறங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை செருப்பு வழுக்க வழுக்கத் தள்ளிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் உயிர்தான் முக்கியம் என்று ஒதுங்கிக்கொண்டார். வண்டி சுரங்கப்பாதையின் அடிமட்டத்துக்கே போய், கதவில் பாதி வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்தது.

"இப்ப ஏறியிருக்கும்" என்றார் மாமனார், ஜன்னல் வழியாக.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்தது. வேறு எந்த லாரியும் வரவில்லை, தண்ணீர் லாரிதான் வந்தது. டிரைவர் நல்ல மனிதர். இழுத்துவிடுகிறேன் என்று அவராகவே முன்னால் போய் நின்று கயிறு கட்டினார். மாப்பிள்ளை கும்பிட்ட கையை இறக்கும் முன்னால் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். மூடாத குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராகக் காரின் மூக்கில் அடித்தது.

"அண்ணே, அந்தக் குழாயைக் கொஞ்சம் மூடுங்களேன்."

"அது மூடாதுங்க. வாங்கினதிலிருந்தே அப்படித்தான்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் கிளம்பிவிட்டால் இன்னொரு நாள் கட்டோடு இருக்க வேண்டும் என்று மாமனார் கத்த, அத்தை தும்ம, மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார். ஸ்டியரிங்கை மாமனாரிடம் ஒப்படைத்தார். சாவியை ஸ்டார்ட் பக்கம் திருப்ப மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். குடையை எடுத்து விரித்தார். லாரி நகர்ந்ததும் காரின் மூக்குக்குக் குடை பிடித்துக்கொண்டே பக்கத்தில் ஓட ஆரம்பித்தார்.

தெருவே நின்று பார்த்தது. தொப்பலாக நனைந்த ஒருவர் தன் தலையை விட்டுவிட்டுக் காருக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடுவதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. இன்ஜினைக் காப்பாற்றிவிட்டால் சாவி நமக்குத்தான் என்கிற ஒரே எண்ணத்தில், மூச்சு வாங்க, மெக்கானிக் ஷெட் வரை ஓடிவிட்டார்.

ஷெட் வாசலில் லாரி பிரேக் போட்டது. மாமனாரும் போட்டார். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாகிவிடும் என்பதையும் மாப்பிள்ளை நேற்றுச் சொல்லியிருந்தார்தான், அப்போது மாமனார் எழுந்து போயிருந்தார். கார் குடையையும் சேர்த்துக்கொண்டு லாரியின் பின்னால் போய் மோதியது. ஒரு ஹெட்லைட் சில்லு சில்லாகக் கொட்டியது.

வாழ்நாளெல்லாம் ஊரை ஃபெயில் ஆக்கிய மனிதர் இறங்கி வந்து உடைந்த விளக்கைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. பழியை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். போனை எடுத்துப் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, வண்டியைக் கொன்றுவிட்டார்கள், உடனே வாருங்கள், சாவி இனிமேல் உங்களுக்குத்தான் என்று ஆரம்பித்தார். நம் மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, மழையில் தெரியவில்லை.

மெக்கானிக் வண்டியை உள்ளே தள்ளிப் பானெட்டைத் திறந்தார். குனிந்தார். உள்ளே கையை விட்டு எதையோ பிய்த்து எடுத்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

"காத்து போற வாயில இது மாட்டியிருந்துச்சு. மூச்சு முட்டித்தான் நின்னிருக்கு" என்று மெக்கானிக் கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பி. ஓரத்தில் எலாஸ்டிக். குளிக்கும்போது தலை நனையாமல் இருக்கப் போட்டுக்கொள்வது.

மாமனாரின் ஒற்றைக் கண் அந்தத் தொப்பியில் நிலைத்தது. வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். போனில் பெரிய மாப்பிள்ளை "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். மாமனார் அதை மெல்ல அணைத்தார்.

அத்தை முன்னால் வந்து தொப்பியை வாங்கிக்கொண்டார். உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு தும்மல் போட்டுவிட்டு, முகமெல்லாம் பெருமையாக நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை சொன்னது சொன்னபடியே இருக்கு பாருங்க. அந்த ஓட்டையை மூடினதும் ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகலை."