நம்பிக்கைப் பெட்டகம்

காலை ஏழு மணிக்குத் திறந்த இரும்பு அலமாரியில் பத்தரை மணி வரைக்கும் சேர்ந்திருந்தது ஒரு பிளாஸ்டிக் சீப்பு. அதுவும் யாரோ கீழே தவற விட்டது.

ஏட்டு பலவேசம் அலமாரியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்தருவியில் சீசன் கூட்டம் நெரிகிறது. குளிக்க வருகிறவர்கள் போனையும் பர்ஸையும் காவலரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக நனையலாம். போலீஸுக்கும் மக்களுக்கும் உறவு வளரும். இந்த 'நம்பிக்கைப் பெட்டகம்' டி.எஸ்.பி. அம்மாவின் சொந்த யோசனை. பன்னிரண்டு மணிக்குப் பார்வையிட வருகிறார். அலமாரி காலியாக இருந்தால் பலவேசத்துக்குப் புளியரை எல்லைச் சோதனைச்சாவடிக்கு மாற்றல்தான். லாரிப் புகையைக் குடித்தபடியே ஓய்வுபெற வேண்டியதுதான்.

மைக்கைப் பிடித்தார். "பொதுமக்கள் தங்கள் வசமுள்ள பொருட்களை உடனடியாகப் போலீஸாரிடம் ஒப்படைக்கவும்!"

பாதிக் கூட்டம் எண்ணெய்த் தலையோடு ஓடியது. ஒருவர் மட்டும் பம்மிக்கொண்டே வந்து, இடுப்பில் செருகியிருந்த அரை பாட்டிலை அலமாரியில் வைத்தார்.

"வேற ஒண்ணும் இல்லய்யா, சத்தியமா!" கும்பிட்டுவிட்டு அவரும் மறைந்தார்.

சீப்பு, பாட்டில். பாவம் ஏட்டு, டி.எஸ்.பி.க்கு எதைக் காட்டுவார்?

துண்டுக் கடை சமீனா சிரித்தாள். "ஏட்டையா, ஒங்க காக்கியப் பாத்தா ஒண்ணுஞ் செய்யாத எனக்கே கையக் கட்டிக்கிடத் தோணுது. அதக் கழத்துங்க, தானா வருவாவ."

அவள் கடைக்குப் பின்னால் போன பலவேசம், லுங்கியும் தோளில் துண்டுமாக வந்து மரத்தடியில் நின்றார். மைக்கைத் தொடவேயில்லை.

"அண்ணாச்சி, சும்மாத்தான நிக்கிய? இத வச்சிருங்க." பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற நாலு பேர் போன்களை நீட்டினார்கள். அதைப் பார்த்துச் சுந்தரபாண்டியபுரத்து உலகம்மாள் ரெட்டைவடச் சங்கிலியையே கழற்றிக் கொடுத்தாள். ஒரு பெரியவர் பல்செட்டைக் கொடுத்தார். ஒரு தகப்பன் கைக்குழந்தையைக் கொடுத்தான். குழந்தை நீங்கலாக எல்லாவற்றையும் பலவேசம் ஓசைப்படாமல் அலமாரிக்குக் கடத்தினார்.

டி.எஸ்.பி. உமாதேவி வந்தார். நிறைந்த அலமாரியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா பலவேசம்? மக்கள் நம்மள நம்புறாங்க! அது சரி, என்ன லுங்கி? இது யார் குழந்தை?"

பதில் சொல்வதற்குள், தலை துவட்டியபடி வந்த உலகம்மாள் அலமாரிக்குள் தன் சங்கிலியைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவி! நல்ல மனுசன்னு நம்பிக் குடுத்தா, கொண்டுபோயி போலீஸ்லயா குடுப்ப? இனி அது எந்தக் காலத்துல கைக்கு வரும்?"

"நானே போலீஸ்தாம்மா!"

"பொய் வேறயா?" என்றார் பெரியவர், பல் இல்லாத வாயால் பாதி காற்றாக.

மூட்டை தூக்குகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். டி.எஸ்.பி. சட்டென்று கையை உயர்த்தினார்.

"பயப்படாதீங்க! இவர் எங்க ஏட்டுதான். இந்த அலமாரியில உங்க பொருள் மட்டுமா இருக்கு? இவரோட யூனிபார்ம், போன், பர்ஸ் எல்லாமே இதுலதான் இருக்கு. பலவேசம், எடுத்துக் காட்டுங்க."

பலவேசம் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உள்ளே கையை விட்டார். சீப்பு வந்தது. மறுபடி விட்டார். பாட்டில் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமீனா ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"இந்தாங்க ஏட்டையா, சட்டை, போனு, பர்ஸு எல்லாம் அப்படியே இருக்கு. போலீஸ் அலமாரியில வச்சாத் திரும்பி வராதுன்னு எங்கிட்டக் குடுத்தியல்லா?"