மாமனார் வீட்டில் வந்த நடுக்கம்

என் மாமனாரைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. வாயால் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பெண் பார்க்க அக்காவோடு சிலமலையிலிருந்து போடிக்குப் போயிருந்தேன். பெண் செல்வியின் அப்பா ஏலக்காய், கிராம்பு வியாபாரி. கடைக்குப் பின்னாலேயே வீடு. கூடத்தில் மூட்டைகளை ஒட்டி எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ள, என்ன சோலி பாக்குறீக?" என்றார் சிரித்தபடி.

நான் கணக்கு வாத்தியார். ஒரே அதட்டலில் ஒரு வகுப்பையே உட்கார வைப்பவன். ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, தாடை இறுகியது.

"தம்பிக்கு வெக்கம்," என்றாள் அக்கா.

"வெக்கத்துக்கு இப்படி வேர்க்காது ஆத்தா. ஏந்தம்பி, எதையாச்சும் மறைக்கிறீகளா?" (ஒரே நிமிடத்தில் 'மாப்ள' 'தம்பி'யாகிவிட்டதைக் கவனியுங்கள்.)

வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தேன். எதிரே காபித் தட்டோடு வந்த செல்வி மேல் மோதினேன். அத்தனை காபியும் அவள் அப்பாவின் வெள்ளை வேட்டியில்!

மாரடைப்பு என்று பயந்து எல்லோருமாக என்னை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர்.

"அப்ப மனசுக்குள்ளதான் என்னமோ இருக்கு," என்றார் செல்வியின் அப்பா. வேறு பெண்ணை மனதில் வைத்திருக்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். அக்கா அழ ஆரம்பித்தாள்.

செல்விதான் கேட்டாள்: "கூடத்துல கன்னத்தையே பிடிச்சுக்கிட்டு இருந்தீகளே, பல்லு வலியா?"

"கன்னத்த நான் தொடவே இல்லீங்க."

"தொட்டீக. கதவு மறைவுல நின்னு நான் பாத்தேன்."

முந்தைய மாதம்தான் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருந்தேன். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காமல், உயிர் போய் உயிர் வந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பல் டாக்டர்கிட்ட என்ன வாசம் அடிச்சுச்சு?"

"வாசமா? கத்துறதுக்கே நேரம் பத்தல."

அவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும், என்னை உள்ளே விடாமல் தெருவிலேயே நிறுத்தி, செல்வி என் கண்ணைத் துண்டால் கட்டினாள். மூக்கருகே எதையோ நீட்டினாள். ஒன்றுமில்லை. அடுத்ததை நீட்டினாள். நெஞ்சு திடுக்கென்றது.

"அப்பா, கை கன்னத்துக்குப் போயிருச்சு!" என்று கத்தினாள்.

முதலில் நீட்டியது ஏலக்காய், அடுத்தது கிராம்பு. பல்லில் அடைத்த மருந்தில் கிராம்பு எண்ணெய் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே என் உடம்பு 'இந்த வாசம் வந்தால் வலி வரும்' என்ற பாடத்தை அப்படியே படித்து வைத்திருக்கிறது. (என் மாணவர்களில் ஒருவன்கூட இவ்வளவு வேகமாகப் படித்ததில்லை.)

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. எனக்கு நோயுமில்லை, மனதில் வேறு பெண்ணுமில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப என்னையப் பாத்துப் பயப்படலையா மாப்ள?" என்றார், காபிக் கறை வேட்டியோடு. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

காரணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் கிராம்பு வாசத்துக்கு உள்ளங்கை வேர்க்கத்தான் செய்தது. ஆனால் மனது பதறவில்லை; சிரிப்புதான் வந்தது.

இன்று எங்கள் குடும்பத்தில் பல் டாக்டரிடம் போவதற்கு 'மாமனாரைப் பார்க்கப் போவது' என்று பெயர். போன வாரம் இரண்டாம் வகுப்பு டீச்சர் கவலையோடு எனக்கு போன் செய்தார். என் மகள் அவரிடம் லீவு கேட்டிருக்கிறாள்:

"மிஸ், நாளைக்கு நான் மாமனாரப் பாக்கப் போகணும்."