கர்னல் வீட்டு மேசை

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சொன்னதைச் செய்வேன். அதனால்தான் கெட்டேன்.

பருத்திப்பட்டில் ஒரு தெருவுக்கு வைஃபை போட்டிருந்தேன். வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி. ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குக் கைமாற்றிவிடும். கடைசிப் பெட்டி தேவகி வீட்டில். (தேவகி அப்போது எனக்கு யாரும் இல்லை. ஆக வேண்டும் என்று ஆசை மட்டும்.) பெண் பார்த்தாயிற்று, காபி குடித்தாயிற்று. மஸ்கட்டில் இருக்கும் அவள் அண்ணன் என்னை வீடியோவில் பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலையில்தான் தெரு நடுவில் இருக்கும் ரிட்டையர்டு கர்னல், தன் வீட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னார். சுவரில் ஆணி அடித்தது பிடிக்கவில்லையாம். கழற்றி எதிர்வீட்டில் மாட்டினேன். தேவகி வீட்டில் நெட் செத்தது.

"நீ போட்ட நெட்டே எங்கூட்ல வர்ல. எம் புள்ள உன்ன எப்டிப்பா பாப்பான்?" என்றார் தேவகியின் அப்பா.

ஆபீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"பழைய பாத் கர்னல்ல அப்படியே நிக்குதுண்ணா. அந்த பாத் டேபிளை க்ளியர் பண்ணணும்" என்றான்.

"கர்னல்லயா?"

"ஆமாண்ணா, கர்னல்லதான். வேற கால் வருது, வெச்சிடறேன்."

இதில் என் தப்பு என்ன? பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஆவடிப் பக்கம் கர்னல் என்றால் மீசை வைத்த கர்னல்தான். பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரிலும் கெர்னல் என்று அதே மாதிரிப் பேரில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், யாருக்கு எந்தப் பெட்டி வழியாகப் போக வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறான், அதற்குப் பேர்தான் பாத் டேபிள் என்று எட்டாவது படித்தவனுக்கு யார் சொன்னார்கள்?

கர்னல் ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"பாத் டேபிள் க்ளியர் பண்ண சொன்னாங்கோமா."

"பாத்ரூம் டேபிளா? அவரே ஆள் அனுப்பிட்டாரா? எத்தனை வருஷமாச் சொல்றேன். எடுத்துட்டுப் போப்பா."

(அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா என்று கேட்பவர்களுக்குக் கல்யாண அவசரம் வந்ததில்லை.) தேக்கு மேசை. மேலே இருந்த ஷேவிங் கிண்ணத்தையும் கண்ணாடியையும் இறக்கி வைத்துவிட்டு, மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். எதிரில் கர்னல், கைத்தடியோடு.

"யாருடா நீ? அது எங்கப்பா மேசை."

"க்ளியர் பண்றேன் சார்."

"என்னத்தை?"

"உங்ககிட்ட கீற பழைய பாதைய சார்."

தடியை ஓங்கினார். அந்த நேரம் பார்த்துத் தேவகியின் அப்பா போனை நீட்டியபடி ஓடி வந்தார். "நெட்டு வந்துடுச்சுப்பா. இந்தா, எம் புள்ள லைன்ல கீறான்."

தலையில் மேசை. அதற்கு மேல் தடி. போனில் மச்சான் முகம், பளிச்சென்று. நான் போட்ட நெட் அதற்கு முன் அவ்வளவு தெளிவாக வேலை செய்ததே இல்லை.

"நைனா, மாப்ள இவுரா? இன்னாத்த தூக்கினு கீறாரு?"

நான்தான் சொன்னேன். "வேலை."

மச்சான் தலையாட்டினார். "ஞாயித்துக்கெயம கூட வேல செய்றாரு நைனா. பேசி முட்ச்சுடு."

மேசையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் இன்ஜினியர் கூப்பிட்டான். "தானா சரியாயிடுச்சாண்ணா? பழைய பாதை கொஞ்ச நேரத்துல தானாவே அழிஞ்சிடும்." இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன கேடு?

கல்யாணத்துக்குக் கர்னல் வந்தார். பரிசாக ஒரு சின்ன பிளாஸ்டிக் மேசை. "இதைத் தூக்கிட்டுப் போ. யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது.

அந்த மேசை எங்கள் பாத்ரூமில் இருக்கிறது. வீட்டில் நெட் நின்றால் தேவகி என்னைக் கேட்பதில்லை. நேராகப் போய் அதன் மேல் இருக்கும் சோப்பையும் சீப்பையும் எடுத்து வைக்கிறாள். "க்ளியர் பண்ட்டேன். வந்துச்சா பாரு" என்று குரல் கொடுக்கிறாள்.

வயிறு எரிவது எதற்கென்றால், வந்துவிடுகிறது.