அடுக்களைச் சுவரும் கன்னத்து அண்ணாச்சியும்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தைத்த கைக்குப் பேனா இன்னும் பழகவில்லை.

தூத்துக்குடிக் கடலில் யாரோ தண்ணீர் கலந்துவிட்டதாகச் சந்தேகப்படக்கூடிய ஒரே மனிதர் எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்தான். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தை ஒட்டிப் பார்ப்பார். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாதாம். அதனால் தெருவில் அவர் பெயர் கன்னத்து அண்ணாச்சி.

யுத்த காலம். அவர் அடுக்களைக்கும் எங்கள் அடுக்களைக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு நாள் எங்கள் அடுக்குப் பானைகளை நகர்த்தச் சொல்லி, பின்னால் இருந்த சுவரில் கன்னத்தை வைத்தார். துள்ளி விலகினார். பூச்சு பொருமி, சுவர் நசநசவென்று இருந்தது.

"ஏளா, சொவத்தக் குளிப்பாட்டுதியா?"

என் மனைவி அப்போது நிறைமாதம். ஆனாலும் வாய் ஓயவில்லை. "நல்லதண்ணிக்குத் தெருக்கோடி வரைக்கும் நடக்கேன் அண்ணாச்சி. அதக் கொண்டாந்து சொவத்துக்கா ஊத்துவேன்?"

"அப்ப சொவரு அழுதா?"

"ஒங்களப் பாத்தா அழாம என்ன செய்யும்?"

வந்தது வினை. அவள் பிரசவத்துக்கு ஸ்ரீவைகுண்டம் கிளம்பும்போது அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்: "நீ புள்ளையோட வாரதுக்குள்ள சொவரு காயணும். காயலன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க."

குண்டு விழும் என்று ஓடிப்போனவர்கள் எல்லாம் திரும்பியிருந்த நேரம். கைக்குழந்தையோடு போனால் எவன் வீடு கொடுப்பான்?

அடுக்களையைப் பூட்டிச் சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் கிளப்புக் கடையில் சாப்பிட்டேன். அடுப்பு எரியவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை. சுவர் முன்னைவிட நனைந்தது.

"ஏலே, சன்னல் வழியா ஊத்துதியா?" என்றார். எனக்கு அவரை எதிர்த்துப் பேச வராது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பூனையைச் சந்தேகப்பட்டார். பூனையும் ஒன்றும் சொல்லவில்லை. வாடைக்காற்று தொடங்கியதும் சுவரில் கோடு கோடாக வழிந்தது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நான் அவர் பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டுத் தண்ணீர் விடுகிறேனாம். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துக் கையும் களவுமாகப் பிடிக்க என்னையே கூட்டிக்கொண்டு போய், அவர் அடுக்களைச் சுவரில் பலகை அடித்து மூடியிருந்த மாடக்குழியைப் பெயர்த்தார்.

உள்ளே கோணி மூட்டைகள், வயிறு ஒட்டிச் சரிந்து கிடந்தன.

"களவு! பாதி உப்பக் காணல!"

யுத்தத்தில் உப்புக் கிடைக்காமல் போகும் என்று, ஊரைச் சுற்றி உப்பளம் வெள்ளையாகக் கிடக்கும்போது, மனிதர் உப்பைப் பதுக்கியிருக்கிறார்.

என் வாழ்நாளில் நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். "தூத்துக்குடியில எவன் அண்ணாச்சி உப்பக் களவாங்குவான்?"

அவர் என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். அடியில் கையை விட்டு எடுத்தார். முழங்கை வரை சொட்டியது. காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்பு உருகி, எங்கள் சுவரில் ஊறியிருந்தது.

"காஞ்ச உப்புதாம்ல வச்சேன்," என்றார், யாரோ அதை ஏமாற்றி நனைத்த மாதிரி.

மறுநாளே மூட்டைகள் வெளியேறின. ஊறிய பூச்சைச் சுரண்டி, புதுச் சுண்ணாம்பு பூசி, மாடக்குழியைக் காற்றாடத் திறந்தே விட்டார். வீட்டைக் காலி செய்யும் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார்.

மனைவி பெண் குழந்தையோடு வந்து இறங்கினாள். அண்ணாச்சி வாசலில் நின்று கையை நீட்டி, "குடு," என்றார். வாங்கிக்கொண்டு நேராக எங்கள் அடுக்களைக்குள் போய்விட்டார். வண்டிச் சாமானோடு பின்னால் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"தாயி, ஒங்கம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் இந்தக் கெழவன் செஞ்ச கோளாறு. நாஞ் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிராத, என்ன?"

எனக்குத் தெரிந்து அவர் ஒருவரை நம்பியது அந்த ஒரு முறைதான்.

எழுதி முடித்தது, ஐப்பசி பதினேழு.